பஸ்ரா பாய் எங்களுக்கு மேனேஜராக இருந்த வருஷம்

சென்ற மாதம் எங்கள் கால்பந்து சங்கத்தின் கமிட்டியார் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டார்களாம். மேனேஜரை மாற்றியே ஆகவேண்டும் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பெங்களூரில் பூட்ஸ் போட்டு ஆடிய ஒருவரைக் கூட்டிவரலாம் என்கிறது ஒரு கட்சி. நல்ல கண்டிப்பான ஆளாக, தயவு தாட்சண்யம் பார்க்காத ஒருவர் வேண்டும் என்கிறது மற்றது.

"நீங்க எட்டு வருஷம் மேனேஜரா இருந்தவரு. இன்னா மாதிரி ஆளைப் போடலாம்னு நாலு வரி எழுதிக் குடுங்க மேஸ்திரி" என்றார்கள்.

நாலு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் பாலாற்று மணலும், அதன்மேல் படுத்திருக்கும் மார்கழிப் பனியும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. பனிக்குள்ளிருந்து யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன், பேனா மை காய்ந்துபோகிறது. ஆகையால் யோசனை சொல்வதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு மேனேஜரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் இஸ்ரவேல். ஆம்பூரில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு தோல் ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வது வழக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்த கையோடு சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். மயிர் கழன்று வருவதற்காகத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் புரட்டிப் போடவேண்டும். முதல் வருஷம் கால் வெந்தது. இரண்டாம் வருஷம் உள்ளங்கை வெடித்தது. மூன்றாம் வருஷத்திலிருந்து அதெல்லாம் உடம்பின் குணம் என்று ஆகிவிட்டது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் முதலாளியைப் பெரிய சாயபு என்போம். மதராசில் ஒருமுறை கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு வந்தவர், ஊருக்கு வந்ததும் வராததுமாக ஷாப்பு ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் தொடங்கினார். முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். பந்து மட்டும் எங்களுக்குப் பஞ்சமில்லை, தோல்தான் கையிலேயே இருக்கிறதே! வெட்டித் தைத்துக்கொள்வோம். ஆடத்தான் தெரியாது. வெறுங்காலோடு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, பந்து போகிற பக்கமெல்லாம் பதினோரு பேரும் ஓடுவோம்.

முதலில் வந்த மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு டிரில் மாஸ்டர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். யார் எங்கே நிற்கவேண்டும் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் தோற்றால் அவருக்குத் தாங்காது. மறுநாள் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் செய்த தப்பையும் மற்றவர்கள் காதில் விழும்படி வாசிப்பார். அப்போது கோலுக்கு நின்றவன் யாகூப். ஒரு ஆட்டத்தில் ஆறு பந்தை விட்டுவிட்டான். அடுத்த நாள் அவனைத் தனியாகக் கோலில் நிற்கவைத்து, பத்துப் பேரையும் மாறி மாறி அவனைப் பார்த்து உதைக்கச் சொன்னார். நானும் உதைத்தேன். யாகூப் எதையும் தடுக்கவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அதற்கு அடுத்த நாளிலிருந்து மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவன் இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

அந்த வருஷம் முழுக்கத் தோற்றோம். மாஸ்டர் பெட்டி படுக்கையோடு பெங்களூர் ரயில் ஏறினார். பெரிய சாயபு எங்களைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு சீசன் பாப்பேன். அப்புறம் டீமைக் கலைச்சிடுவேன், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்.

அப்படி ஒரு நேரத்தில்தான் ரஹீம் பாயைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை மூட்டைகள் அடுக்கியிருக்கும் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். யுத்தத்தின்போது இராக்கில் பஸ்ரா பக்கம் போய், அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கிவரும் டோலிக்காரர்களில் ஒருவராக இருந்துவிட்டு வந்தவர். அதனால் ஊரில் பஸ்ரா பாய் என்று பெயர். ஒல்லியான மனிதர், நரைக்க ஆரம்பித்த தாடி. பட்டைத்தூள் படிந்து படிந்து அவர் புருவம்கூட மஞ்சளாகத் தெரியும். அந்தக் கிடங்குக்குள் வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கும்போது தூள் எல்லாம் பொன்னாக மிதக்கும். அதற்கு நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து பேசும்வரை விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்லமுடியாது.

எங்களில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியபோது அவர் துணி சுற்றிக் கட்டியதைப் பெரிய சாயபு பார்த்திருக்கிறார். வேறு யாரும் கிடைக்காததால் அதுவே போதும் என்று தீர்மானித்துவிட்டார்.

"ஒரு தடவை கூட பந்தை உதைச்சதில்ல சாயபு நானு" என்றார் பாய்.

"உதைக்கறதுக்கு இவங்க பதினோரு பேர் இருக்காங்க. நீ இவங்கள பாத்துக்க."

பாய் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. பாத்துக்க என்றார்கள், பார்த்தார்.

முதல் பதினைந்து நாள் அவர் எங்களை விளையாடவே விடவில்லை. மத்தியானம் மணி அடித்து வேலை நின்றதும் ஒவ்வொருவராகக் கிடங்குக்கு வரச் சொன்னார். வாசலில் ஒரு கருங்கல் பலகை. அதில் உட்காரச் சொல்லி, முதலில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார். பிறகு பாதத்தைத் தன் மடியில் தூக்கிவைத்துக்கொள்வார். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, கணுக்கால், முழங்கால். அப்புறம் உள்ளங்கை, நகக்கண். கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். கடைசியில் தலையைக் குனியவைத்துக் கழுத்தையும் காதின் பின்பக்கத்தையும் பார்ப்பார். அவசரமே இருக்காது. அத்தனையும் முடிந்தபிறகு மூன்று கேள்வி. ராத்திரி தூங்கினியா? காலைல இன்னா துன்ன? இன்னிக்கு எங்க வேலை?

முதல் தடவை என் காலை அவர் மடியில் வைத்தபோது நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். குழியில் இறங்குகிறவன் கால். அந்த நாற்றம் எனக்கே தெரியும். எங்களைத் தொட்டால் கை கழுவுகிற ஊர் அது. அவரோ தொடுவதற்கு முன்னால் கழுவினார்.

"இன்னாத்துக்கு இழுக்கற? நான் பாக்காத காலா?" என்று மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். வெடிப்புகளில் புங்கெண்ணெய் தடவினார். அவர் விரல் போன வழியெல்லாம் எரிந்து, பிறகு குளிர்ந்தது. வெளியே கூலியாட்கள் பட்டை இடிக்கும் சத்தம் ஒரே தாளமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். எழுப்பாமல் உட்கார்ந்திருந்தாராம்.

இரண்டு வாரத்தில் எங்களுக்கே தெரியாத எங்கள் சங்கதி எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்டமெல்லாம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையோ ஊறிய தோல்களைக் குழியிலிருந்து தூக்கும் நாள். தண்ணீர் குடித்த தோல் ஒரு ஆள் கனம் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு மறுநாள் ஓட வந்தால் பாதி ஆட்டம்தான் கால் கேட்கும். நாங்கள் வாங்கிய கோல்களில் முக்கால்வாசி கடைசி நேரத்தில் வாங்கியவை. டிரில் மாஸ்டர் அதைச் சோம்பேறித்தனம் என்று வாசித்தார். பாய் அப்போதிருந்த குழி மேஸ்திரியிடம் போய் நின்றார். வெள்ளிக்கிழமை தூக்குகிற வேலையை வியாழனுக்குத் தள்ள முடியுமா என்று கேட்டார். மேஸ்திரி முடியாது என்றார். மறுநாளும் போய் நின்றார். கோபமே இல்லாமல், கெஞ்சலும் இல்லாமல் ஒன்பது நாள் போய் நின்றார். பத்தாம் நாள் மேஸ்திரி பேஜாராகிப்போய், "சரி தொலைங்க" என்றார்.

யாகூப் வீட்டுக்கும் போனார். அங்கே என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. யாகூப் பின்னாளில் என்னிடம் சொன்னான். "டீமுக்கு வான்னு கூப்புடவே இல்லடா. தொம்மு தொம்முன்னு பந்து பட்ட எடத்துல இன்னும் வலிக்குதான்னு கேட்டாரு. அவ்ளோதான். நான் அழுதுட்டேன்." யாகூப் திரும்பி வந்தான், ஆனால் கோலுக்கு வேண்டாம் என்றான். எனக்கு முன்னால் பேக் ஆடினான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும், நான் உதைத்த அந்த ஒரு உதை எனக்கு ஞாபகம் வரும்.

பயிற்சி விடியற்காலையில், ஆற்றில். தண்ணீர் ஒரு ஓரமாக நூல்போல ஓடிக்கொண்டிருக்கும், மீதி எல்லாம் மணல். பனியில் அக்கரை தெரியாது. பத்தடி தள்ளி நிற்கிறவன் சாம்பல் நிறத்து நிழலாக இருப்பான், இருபதடி தள்ளி நிற்கிறவன் இருக்கவே மாட்டான். அங்கே பாய் ஒரே ஒரு விதி போட்டார்.

"ஆட்டத்துல யாரும் யாரையும் திட்டக்கூடாது. இங்க உதை, அங்க போ, ஏண்டா வுட்ட, ஒண்ணும் வாணாம். பேர் மட்டும் கூப்புடு. யாருக்குப் பந்து தர்றியோ அவன் பேரு."

"பேர் சொன்னா போதுமா பாய்?" என்று சிரித்தான் பலராமன். எங்கள் டீமில் வலது ஓரத்தில் ஆடிய ஃபார்வேர்டு அவன்.

"டோலி தூக்கிட்டுப் போறப்போ மணல் காத்து அடிக்கும். ஒண்ணும் தெரியாது. முன்னால போறவன் பேரை வுட்டா புடிச்சிக்க வேற ஒண்ணும் இல்ல" என்றார் பாய். பஸ்ராவைப் பற்றி அவர் தானாகச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அப்படித்தான் ஆடினோம். பனிக்குள் பந்து எங்கோ மெத்தென்று விழும். யாகூப், என்று ஒரு குரல். பலராமா, என்று இன்னொன்று. இஸ்ரா, என்று என் பெயர் எங்கிருந்தோ மிதந்து வரும், கையை நீட்டினால் பந்து வந்து உட்காரும். மசூதியிலிருந்து பாங்கு சத்தமும், ரயில் போகும் சத்தமும், எங்கள் பெயர்களும் ஒன்றாகக் கலந்து ஆற்றின்மேல் நிற்கும். கிழக்கே வானம் சிவந்து, பனி கலைந்து, ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்க்கும்போது ஏதோ தூரதேசம் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி வெட்கமாக இருக்கும். அந்த இரண்டு மாதம் நான் நிஜமாகவே வாழ்ந்தேனா, இல்லை பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

முதல் ஆட்டத்தில் தோற்கவில்லை. அடுத்ததில் ஜெயித்தோம். அதற்கப்புறம் ஜெயித்துக்கொண்டே போனோம். அதில் பாதிக்குமேல் பலராமனால் வந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பச்சைத்தோல் கொட்டகையில் வேலை அவனுக்கு. வெளியூர்களிலிருந்து உப்புப் போட்டு வரும் தோல்களை வண்டியிலிருந்து இறக்கி, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே கொண்டுபோய்த் தரம் பிரிப்பவர்கள் முன்னால் விரிக்கவேண்டும். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். பந்து காலில் இருக்கும்போது அவன் ஓடுவதாகவே தெரியாது, தரை அவனுக்குக் கீழே பின்னால் போவதுபோல இருக்கும்.

மாசி மாதம் வேலூரில் கோட்டையருகே மைதானத்தில் கடைசி ஆட்டம். காட்பாடிப் பக்கத்து டீம் ஒன்று எதிரணி. பெரிய சாயபு வாணியம்பாடி, பேர்ணாம்பட்டிலிருந்தெல்லாம் மற்ற ஷாப்பு முதலாளிகளை அழைத்திருந்தார். நாங்கள் காலை ரயிலில் காட்பாடி வந்து, இரண்டு ஜட்கா வண்டி பிடித்து ஆற்றுப்பாலம் தாண்டி, மைதானத்தை அடுத்த ஒரு புளியந்தோப்பில் இறங்கினோம். பாய் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, வழக்கம்போல ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்.

பலராமன் கடைசியில் வந்தான். கழுத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான்.

"அவுரு."

"ஒண்ணுமில்ல பாய். கொசு கடிச்சிது."

"அவுருப்பா."

வலது தோளுக்குமேல், தோல் சுமக்கும் பக்கத்துக் கழுத்தில், காலணாக் காசு அகலத்துக்கு ஒரு புண். நடுவில் கரி வைத்ததுபோலக் கறுப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் மாலை கோத்த மாதிரி. அதற்கும் வெளியே கழுத்து உப்பி, தாடைவரை ஏறியிருந்தது.

"எத்தினி நாளா?"

"மூணு நாள் இருக்கும்."

"வலிக்குதா?"

"சத்தியமா இல்ல பாய். கொஞ்சம்கூட வலியே இல்ல. அதான் சொல்லல."

பாயின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். வலி இல்லை என்றதும் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அவருக்குப் போயிற்று. இரண்டு வருஷம் முன்னால் அதே கொட்டகையில் ஒரு ஆள் இப்படித்தான் கறுப்புப் புண்ணோடு, வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நாலு நாள் வேலை செய்து, ஐந்தாம் நாள் செத்துப்போனான். மாட்டுக்கு வருகிற அடைப்பான், செத்த மாட்டின் தோலில் தங்கி மனுஷனுக்கும் வரும் என்று அப்போது டாக்டர் சொன்னார். அந்த ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் பாயும் ஒருவர்.

"ஜட்காவைக் கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று எழுந்தார்.

பலராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆட்டம் முடிஞ்சதும் ஓடியே போறேன் பாய். மூணு நாள் தாங்கினது மூணு மணி நேரம் தாங்காதா? இன்னிக்கு நான் ஆடலன்னா எல்லாம் போச்சு பாய்."

அதற்குள் விஷயம் பெரிய சாயபு காதுக்குப் போய், சரிகைத் தலைப்பாகையோடு வேகமாக வந்தார். புண்ணைத் தள்ளி நின்றே பார்த்தார்.

"ரஹீம், ரெண்டு மணி நேரத்துல இன்னா ஆயிடப்போவுது?"

"தெரியாது சாயபு."

"தெரியாதுன்னா?"

"தெரிஞ்சா விளையாட வுட்டிருப்பேன். தெரியல. அதான் இப்பவே போறேன்."

"இந்தப் பையன் இல்லாம நீ இந்த ஆட்டத்துல நிக்க முடியாது. தோத்தா டீம் இல்ல. நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கேன். நான் சொல்றேன், அவன் ஆடட்டும்."

முதலாளியை மறுத்துப் பேசிய ஒரு ஆளை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாய் சத்தத்தை உயர்த்தவில்லை. கிடங்கில் எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரல்.

"டீம் உங்களுது சாயபு. உங்க இஷ்டம். கழுத்து அவனுது."

பலராமனை அணைத்தபடி ஜட்காவில் ஏற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீங்களுமா போறீங்க பாய்? எங்களுக்கு யாரு?"

"உங்களுக்குப் பத்துப் பேரு இருக்காங்க. இவனுக்கு யாரும் இல்ல" என்று ஏறி உட்கார்ந்தார். குதிரை லாட சத்தம் கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

மாற்று ஆளாக வந்தவனுக்கு முந்தின வாரம்தான் கணுக்கால் பிசகியிருந்தது. பத்துப் பேராகவே இறங்கினோம்.

அந்த ஆட்டத்தை நான் கோலிலிருந்து பார்த்தேன். மாசி வெயில் அகழித் தண்ணீரில் பட்டு எல்லாவற்றின்மேலும் அசைந்துகொண்டிருந்தது. கூட்டம் கத்தியது எனக்கு எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோலக் கேட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. பெயர்கள் மட்டும். எப்படியோ முதல் கோலை நாங்கள்தான் போட்டோம். யாகூப் பின்னாலிருந்து தூக்கிவிட்ட பந்தில் வந்தது அது. அப்புறம் நடுவில் ஆடும் எங்கள் ஹாஃபுக்கு ஒரு பந்து கிடைத்தது. நிமிர்ந்து பார்க்காமலேயே, பழகிய கணக்கில், "பலராமா!" என்று கூவி வலது ஓரத்துக்கு அடித்தான். அழகான அடி. பந்து புல்மேல் உருண்டு உருண்டு, யாருமில்லாத இடத்தைத் தாண்டி, மெதுவாகக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது. பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடித்தவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப்பிறகு எங்கள் கால்கள் மைதானத்தில் இருந்தன, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தது. கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டாவது பந்து என் விரல்நுனியில் பட்டுத்தான் போயிற்று. பெரிய சாயபு யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியேறிப் போய்விட்டார். "டீம் இல்ல" என்று கணக்கப்பிள்ளை மூலமாகச் சொல்லியனுப்பினார்.

அழுக்கும் வேர்வையுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே விடவில்லை. ஊசி போட்டிருக்கிறது, பிழைப்பானா என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்டர். வேப்பமரத்தடியில் பாய் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. "யாருக்காவது அடி பட்டுதா?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் பலராமன் மனைவி கன்னியம்மா ஆம்பூரிலிருந்து வந்தாள். புருஷனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் நேராகப் பாயிடம் போனாள். முகம் வீங்கி, இரண்டு கண்ணும் மூடிப்போய்க் கிடந்தவனை அவளுக்கு அடையாளமே தெரியவில்லையாம்.

"ஆட்டம் ஆட்டம்னு கூட்டினு வந்து இப்டி போட்டுட்டீங்களே! தினம் தினம் பாக்கறீங்களாமே, கழுத்தைப் பாக்கறீங்களாமே, மூணு நாளா இன்னா பாத்தீங்க?"

நான் எழுந்து, பாய்தான் அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்று சொல்லப் போனேன். பாய் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"வாஸ்தவம்மா. இந்த மூணு நாள் வேலூருக்குக் கிளம்பற வேலைல நான் யாரையும் பாக்கல. பாத்திருக்கணும்" என்றார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போடுவதற்கு ஆள் இல்லாமல் போனவளாக நின்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பாய் இந்தப்பக்கம், அவள் அந்தப்பக்கம். நாங்கள் வேலைக்காக ஊர் திரும்பினோம், நாளுக்கு இரண்டு பேராக முறை வைத்து வந்து போனோம். யார் வந்தாலும் அந்த இரண்டு பேரும் அதே இடங்களில் இருப்பார்கள். ஒரு பேச்சு கிடையாது.

ஆறாம் நாள் பெரிய சாயபு வந்தார். அன்று என் முறை. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாய் எழுந்து நின்றார்.

"இன்னா வேணும் கேளு ரஹீம்" என்றார் சாயபு.

டீமைக் கேட்பார் என்று நினைத்தேன். பாய் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பச்சைத்தோல் கொட்டகை வாசலில் தண்ணீர்த்தொட்டியும் சோப்பும் வேண்டும் என்றார். தோல் சுமப்பவர்களுக்குக் கழுத்தை மூடும்படி கெட்டித் துணி வேண்டும். தினமும் காலையில் அங்கே வேலை செய்கிற எல்லார் கழுத்தையும் கையையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். "ஃபார்வேர்டுக்கு மட்டும் இல்ல சாயபு. எல்லாருக்கும்."

சாயபு தலையை ஆட்டினார். அந்த வாரமே தொட்டி கட்டினார்கள். பார்க்கிற ஆளாக என்னைப் போட்டார்கள். சுண்ணாம்புக் குழியிலிருந்து நான் மேலே வந்தது அப்படித்தான். பாயின் பக்கத்தில் நின்று, எந்தச் சிவப்பு கொசுக்கடி, எந்தச் சிவப்பு வேறு என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். என் உத்தியோகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான். டீம் அந்தக் கோடை முழுக்க இல்லாமல்தான் இருந்தது. ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தபோது சாயபுவே ஒரு நாள், "இன்னா, யாரும் ஆத்துப் பக்கம் போறதில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் அது பின்னால் நடந்தது. எட்டாம் நாள் காலையிலும், யாகூபின் முறையை வாங்கிக்கொண்டு, நான்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பலராமனின் கண் திறந்துவிட்டது என்று எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. கழுத்துக் கட்டுக்குமேல் முகம் மஞ்சளாக, வேறு யாருடைய முகமோ போல இருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் விரிப்பின்மேல் விழுந்திருந்தது. கன்னியம்மா அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு பாயின்மேல் நின்றது.

"பாய். இன்னா ஆச்சு ஆட்டம்?"

நான் சொல்லவேண்டாம் என்று ஜாடை காட்டினேன். பாய் கட்டில் பக்கத்தில் குனிந்தார்.

"தோத்துட்டோம்பா. ரெண்டுக்கு ஒண்ணு."

பலராமன் கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஒரே ஒரு கோலு. நான் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம் பாய்."

"இருந்திருந்தாங்கற பேச்செல்லாம் வாணாம்" என்றார் பாய், அவன் கண்ணைத் தன் தோள்துண்டால் ஒற்றியபடி. "நீ இருக்கற. அவ்ளோதான் எனக்கு வேணும்."

கன்னியம்மா எழுந்தாள். மூலையிலிருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, அறையைக் கடந்து வந்து, பாயின் முன்னால் நீட்டினாள்.

"குடிங்கண்ணா" என்றாள்.

பாய் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.